விளக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதும்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

போன வாரம் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு பழைய குண்டு விளக்கின் உருண்டைக் கண்ணாடியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். ஏணியில் நின்றபடி எல்லாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். உள்ளூர்க்காரர்கள் உறவினர்களிடமும் சொல்லியிருப்பார்கள் போல, வெளியூர்களிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவன். இப்போதும் சுற்றுவட்டாரத்தில் பழைய விளக்கு பழுதென்றால் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

லூனாஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, தாத்தா விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகும்போது தூக்கிப்போன அரிக்கேன் விளக்கு கிடைத்திருக்கிறது. கண்ணாடி முழுக்கப் புகைக்கரி. வெளியே எடுக்கத் தெரியவில்லை. சுற்றியிருக்கும் கம்பியை வளைக்க வேண்டுமா?

வளைக்காதீர்கள் தம்பி. அந்தக் கம்பி ஒருமுறை வளைந்தால் கண்ணாடி மறுபடி நேராக உட்காராது. விளக்கின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை அழுத்தினால் கண்ணாடி கொஞ்சம் மேலே எழும். எல்லாரும் அதைத்தான் பிடித்து மல்லுக்கட்டுகிறார்கள். அது கண்ணாடியைக் கழற்றுவதற்கு இல்லை, திரியைப் பற்றவைப்பதற்கு. கழற்றும் வழி உச்சியில் இருக்கிறது. மேல் மூடியில் ஒரு வளையம் தெரியும், பாருங்கள். அதை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து மூடி எழும்பும். அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணாடியைக் கம்பிக்கூட்டோடு ஒரு பக்கம் சாய்த்தால் கண்ணாடி கைக்கு வந்துவிடும். திருகாணி கிடையாது, ஸ்பேனரும் வேண்டாம்.

பல வருடமாகக் கழற்றாத விளக்கென்றால் மூடி துருப்பிடித்து ஒட்டியிருக்கும். மூடி ஏறி இறங்கும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் இழுத்துப் பாருங்கள்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூடி கண்ணாடியை மேலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கிறது. விளக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கும்போது கண்ணாடி குதிக்காது. சூட்டில் கண்ணாடி லேசாகப் பெருத்தாலும் ஸ்பிரிங் இடம் கொடுக்கும். பிடியும் உண்டு, நெரிப்பும் இல்லை. கழுவி மாட்டும்போது கண்ணாடியின் அடிவிளிம்பு தட்டில் முழுவதும் படிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்து சுடர் ஆடும், மறுபடியும் கரி கட்டும்.

பாகான் செராய் அக்கா ஒருவர்: அந்தக் கரியை எதனால் துடைப்பது? அம்மா சாம்பல் போட்டுத் துடைப்பார்.

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலும் சாம்பல்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் திண்ணையில் கண்ணாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். பெரியவர்கள் கை கண்ணாடிக்குள் போகாது என்று என் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவள் ஈரத்துணியில் சாம்பலைத் தொட்டு, மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் துடைப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியாகப் பழைய நாளிதழைக் கசக்கி ஒரு துடைப்பு. பளிச்சென்று ஆகிவிடும்.

ஆனால் அக்கா, சாம்பலைச் சலிக்காமல் போடாதீர்கள். அதில் ஒரு மணல் இருந்தாலும் கீறல் விழும். கண்ணாடியில் வெடிப்பு பெரும்பாலும் கீறலிலிருந்துதான் கிளம்புகிறது. பாத்திரம் கழுவும் சோப்பும் மெத்தென்ற துணியும் போதும். நன்றாக ஆறிய பிறகு கழுவுங்கள், ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள்.

தாப்பாவிலிருந்து: எங்கள் கோயில் முன்மண்டபத்தில் வெள்ளைக் குண்டு விளக்குகள் தொங்குகின்றன. கழுத்தைச் சுற்றிப் பித்தளை வளையம், அதில் மூன்று திருகாணி. ஒரே விளக்கில் இரண்டு வருடத்தில் மூன்று கண்ணாடி கழுத்தோடு உடைந்துவிட்டது. யாரும் தொடவே இல்லை, ராத்திரியில் தானாக உடைகிறது. ஏன் ஐயா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு திருவிழாவுக்கு முதல் நாள் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கண்ணாடி ஆடுகிறதே என்று மூன்று திருகாணியையும் இறுக்கிவிட்டு இறங்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் கழுத்து மட்டும் வளையத்தில் தொங்குகிறது. மீதிக் கண்ணாடி தரையில் கிடந்தது. நல்ல வேளை, கீழே யாரும் படுத்திருக்கவில்லை.

காரணம் இதுதான். சூடேறினால் எல்லாம் பெருக்கும், ஆனால் ஒரே அளவில் பெருக்காது. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கண்ணாடி 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். அதே நீளப் பித்தளை 1.9 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 2.3. அதாவது விளக்கு எரியும்போது பித்தளை வளையம் கண்ணாடியைவிட அதிகமாக விரிகிறது, அதனால் கண்ணாடி தளர்ந்த மாதிரி ஆடுகிறது. அந்த நேரத்தில் இறுக்கினால், விளக்கை அணைத்த பிறகு வளையம் சுருங்கி மூன்று திருகாணி முனையும் கழுத்தை நெரிக்கும். 8 சென்டிமீட்டர் கழுத்தில் 40 டிகிரி வித்தியாசத்துக்கு இந்தக் கணக்கு 0.03 மில்லிமீட்டர்தான் வரும், தலைமுடியின் கனத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் முனை பட்டிருக்கும் இடம் ஊசிமுனை அளவு, கண்ணாடியோ கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. அதனால்தான் விளக்கு அணைந்து ஆறும் ராத்திரியில் உடைகிறது. யாரும் கல்லெறியவில்லை, வேறெதுவும் இல்லை.

அந்தத் திருகாணிகளின் வேலை கண்ணாடியை நெருக்கிப் பிடிப்பது இல்லை. கண்ணாடிக் கழுத்தின் மேல்விளிம்பைப் பாருங்கள், வெளிப்பக்கமாக ஓர் உதடு மடிந்திருக்கும். திருகாணி முனை அந்த உதட்டுக்குக் கீழே நுழைந்து நிற்க வேண்டும். உதடு மூன்று முனைகள்மேல் உட்கார்ந்திருக்கும், எடையை அதுதான் தாங்கும். அதனால் விளக்கு ஆறியிருக்கும்போது, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஒரு கையால் கண்ணாடியின் அடியைத் தாங்கிக்கொண்டு, மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி விரலால் திருகுங்கள். ஒன்றை முழுக்கத் திருகிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது, கண்ணாடி ஒரு பக்கம் தள்ளி நின்றுவிடும். முனை கண்ணாடியைத் தொட்டது தெரிந்ததும் கால் சுற்று பின்னால் விடுங்கள். இடுக்கியைத் தொடவே வேண்டாம். கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரலுக்குச் சுழல வேண்டும், ஆனால் எந்தப் பக்கமும் கீழே இறங்கக் கூடாது. அப்படி இருந்தால் சரி.

ஏன் மூன்று, நான்கு இருந்தால் இன்னும் பலமில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊதிச் செய்த கண்ணாடியின் கழுத்து முழு வட்டமாக இருக்காது. மூன்று முனை எப்படியும் மூன்று இடத்தில் பட்டு நடுவைப் பிடித்துவிடும். நான்காவது ஒன்று வைத்தால் அது தொடாமல் நிற்கும், இல்லையென்றால் அதுவே நெரிக்கும். இரண்டு மட்டும் என்றால் கண்ணாடி ஊஞ்சலாடும்.

குளுவாங்கிலிருந்து ஒருவர்: எங்கள் கடை மேலே விசிறி ஓடும் அதிர்வில் அந்தத் திருகாணிகள் தளர்ந்துவிடுகின்றன. அதனால்தான் இறுக்குகிறேன்.

பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்து இறுக்குவது இல்லை. திருகாணியில் வளையத்தின் வெளிப்பக்கம் ஒரு சின்ன நட் போட்டு, திருகாணியைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த நட்டை வளையத்தோடு சேர்த்து இறுக்குங்கள். இறுக்கம் நட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் நின்றுவிடும், கண்ணாடிக்குப் போகாது. அப்புறம் எல்இடி பல்பு போட்டிருந்தால் அவ்வளவு சூடு இல்லை, திருகாணி முனையில் மெல்லிய சிலிக்கோன் குழாய்த் துண்டை மாட்டலாம். அதிர்வும் குறையும், உதட்டில் கீறலும் விழாது.

தெலுக் இந்தானிலிருந்து: குண்டுக் கண்ணாடி உடைந்துவிட்டது, வளையம் மட்டும் இருக்கிறது. என்ன அளவு கேட்பது?

வளையத்தின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய வளையங்கள் அங்குலக் கணக்கில் வரும்: 2¼, 3¼, 4, 6 என்பவை அதிகம் கிடைக்கும். 3¼ என்பது 8.25 சென்டிமீட்டர். கண்ணாடியின் உதடு வளையத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும், அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. வளையம் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், அதே மாதிரி விளக்கின் கண்ணாடி உதட்டைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். நூல் 25 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 8-க்குக் கொஞ்சம் கீழே, 3¼ வளையத்துக்குப் பொருந்தும். கடைக்குப் போகும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். அட்டையில் வளையத்தின் உள்வட்டத்தை வெட்டி எடுத்துப் போங்கள், ஏமாற மாட்டீர்கள்.

பாடாங் செராயிலிருந்து: குளியலறை விளக்கில் கண்ணாடியைத் திருகி மாட்டும் வகை. இறுகிப்போய் வரவே மாட்டேன் என்கிறது.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ரப்பர் கையுறை போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் பரவலாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். விரல் நுனியால் ஓரிடத்தில் அழுத்தாதீர்கள். வரவில்லை என்றால் முடி உலர்த்தும் கருவியால் உலோக வளையத்துக்கு மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுங்கள். தாப்பா விளக்கை உடைத்த அதே கணக்கு இங்கே உங்களுக்கு உதவும், வளையம் கண்ணாடியைவிட அதிகம் விரியும். மாட்டும்போது பழைய ரப்பர் வாஷர் கெட்டியாகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்த வேண்டும்.

கோல சிலாங்கூரிலிருந்து ஒரு தம்பி: கெஸ்லைட் (காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு) கண்ணாடி மாதம் ஒன்று வெடிக்கிறது. புதிதாக எது வாங்கினாலும் அப்படித்தான்.

கண்ணாடியைக் குறை சொல்வதற்கு முன்னால் மேண்டிலை, அதாவது உள்ளே ஒளிரும் வலைப்பையைப் பாருங்கள். அதில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தாலும் நெருப்பு அந்த வழியாக ஊசி மாதிரி நீண்டு கண்ணாடியின் ஓரிடத்தைச் சுடும். அந்த இடம் மட்டும் பெருத்து, சுற்றியிருக்கும் இடம் பெருக்காமல், கண்ணாடி வெடிக்கும். வெடித்த துண்டைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வெடிப்பு தொடங்கிய இடம் பெரும்பாலும் மேண்டில் ஓட்டைக்கு நேராக இருக்கும். மேண்டிலை மாற்றாமல் கண்ணாடியை மாற்றினால் அடுத்த மாதமும் காசு போகும்.

கழற்றுவது வகைக்கு வகை மாறும். உச்சியில் ஒரே நட் உள்ளவற்றில் அதைக் கழற்றி மேல் மூடியை எடுத்தால் கண்ணாடி மேல்வழியாக வந்துவிடும். காற்றழுத்தத்தை முழுவதும் விட்டுவிட்டு, விளக்கு ஆறிய பிறகு செய்யுங்கள். கண்ணாடியைத் தூக்கும்போது நேராகத் தூக்குங்கள், சாய்த்தால் மேண்டிலில் பட்டு அது உதிர்ந்துவிடும். அந்தப் பொடியை ஊதாதீர்கள். பழைய மேண்டில்களில் தோரியம் இருக்கும், லேசான கதிரியக்கம் உள்ள பொருள். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

புதுக் கண்ணாடி வாங்கும்போது போரோசிலிக்கேட் என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன 0.9 கணக்கு அதற்கு 0.33 தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஓட்டோ ஷாட் உருவாக்கிய கண்ணாடி வகை அது. எரியும் விளக்கில் மழைத்துளி பட்டாலும் எளிதில் வெடிக்காது. நம் ஊர் மழைக்கு அதுதான் ஏற்றது.

பத்து காஜாவிலிருந்து ஒரு மாணவி: மாமா, அரிக்கேன் விளக்கை யார் கண்டுபிடித்தது?

பக்கத்துக் குழாய்கள் வைத்த வகையை ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் 1860-களின் கடைசியில் உருவாக்கினார் அம்மா. அந்தக் குழாய்கள் எதற்கு என்று விளக்கை ஏற்றாமல் கையில் வைத்துப் பார்த்து யோசித்துவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் இருப்பேன். ஒரு விளக்கை முழுக்கக் கழற்றி உன் கையாலேயே மாட்ட வைக்கிறேன்.

மேரு அக்கா: மேசை விளக்கின் கண்ணாடிச் சிம்னி சாய்ந்து நிற்கிறது.

பர்னரில் நான்கு பித்தளை விரல்கள் இருக்கும், அதில் ஒன்று வெளியே விரிந்திருக்கும். சிம்னியை எடுத்துவிட்டு அந்த விரலை மட்டும் ஓர் அரிசி கனம் உள்ளே வளையுங்கள். மறுபடி சிம்னியை வைத்து ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சிம்னி மட்டும் லேசான உரசலோடு மேலே வர வேண்டும். விளக்கே சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தால் விரல் அதிகமாக உள்ளே போய்விட்டது, கொஞ்சம் வெளியே விடுங்கள்.