கொங்கு நாட்டில் பயணப் புகைப்படம் கற்றுக்கொடுத்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி: கோவைப் பக்கம் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரராக இருந்துகொண்டு, பயணப் புகைப்படமும் புகைப்படக் கட்டுரையும் (பல படங்களை வரிசையாக அடுக்கி ஒரு கதை சொல்வது) கற்றுத்தருவதை ஒரு தொழிலாக நம்பலாமா? எந்தக் கேமரா வாங்கித் தொடங்குவது?

நம்பலாம். அதை மட்டும் நம்பக் கூடாது. என் வீட்டில் அடுப்பு எரிவது கல்யாண ஆல்பத்தாலும் கேட்டலாக் படங்களாலும்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் துணி, கோவைப் பட்டறைகளுக்கு மோட்டார், பம்ப், கிரைண்டர். கிரைண்டர்தானே என்று லேசாக நினைக்க வேண்டாம். அந்த எவர்சில்வர் டிரம் தன்னைச் சுற்றியிருக்கும் அத்தனையையும் வாங்கிக் காட்டும்: ஜன்னல், டியூப்லைட், கேமராவுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் என் வழுக்கைத் தலை உட்பட. நாலு பக்கமும் வெள்ளை வேட்டியைக் கட்டி, லென்ஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு எடுத்தால்தான் கிரைண்டர் கிரைண்டராகத் தெரியும். பயணப் புகைப்படக்காரன் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறவன் செய்கிற வேலை இது. எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வகுப்பு என்பது கல்யாணம் இல்லாத மாதங்களின் பயிர். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஆடி வகுப்புக்கு இன்னொரு வசதி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் தள்ளிக்கொண்டு வருவதால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பகல் வெளிச்சம் மெத்தென்று இருக்கும்; நடுப்பகலிலும் முகம் எடுக்கலாம். அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவும் குதிரைச் சந்தையும் ஆடியில்தான். காற்றைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது டிரைபாட் எம்மாத்திரம்?

வருகிறவர்களில் ஐ.டி. ஊழியர்கள் அதிகம். கல்லூரி மாணவிகள், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள், ஒன்றிரண்டு டாக்டர்கள். முதல் நாளே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: லடாக் எப்போது, காசி எப்போது? நான் அவர்களைப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போவேன். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரியும். காசிக்கு எதிராக எனக்கு எதுவும் இல்லை. ஆனால் காசியில் எடுத்த படத்தில் இருக்கும் ஆளை மறுபடி பார்க்க முடியாது. சந்தையில் பார்க்கலாம். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாடு கூடும், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் வியாழன். அதே தரகர், அதே டீக்கடை, அதே கயிறு விற்கிறவர். பயணப் படத்துக்கு ஒரு முறை போனால் போதும். புகைப்படக் கட்டுரை இரண்டாவது முறை போகும்போதுதான் தொடங்குகிறது. என் வகுப்பில் நான் சொல்லித்தருவது ஏறக்குறைய இவ்வளவுதான், மற்றதெல்லாம் யூடியூபில் கிடைக்கும்.

சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இருவர் கைகுலுக்குவது போலக் கையை நீட்டுவார்கள், மேலே துண்டு விழும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கும் யாருக்கும் தொகை தெரியாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் துண்டைத்தான் எடுப்பார்கள். துண்டு வெறும் துண்டு. வாங்குகிறவர் கண்ணை மாட்டின் மேல் வைத்திருப்பார், விற்கிறவர் கண் வாங்குகிறவர் முகத்தில் இருக்கும், பின்னால் ஒரு பையன் இருவர் தோள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான். படம் அங்கே இருக்கிறது. ஒதுங்கி நின்று, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸால் பிடித்தால் அந்த மூன்று பார்வைகளும் ஒரே படத்தில் ஒட்டாது. 35 மி.மீ. லென்ஸோடு மூன்றடிக்குள் நிற்க வேண்டும், அப்படி நிற்க அவர்கள் விட வேண்டும். கேரளத்துக்கு ஏற்றிப் போகும் மாடுகளால் வம்பு வழக்கு வருவதுண்டு, அதனால் கேமராவைக் கண்டதும் வியாபாரிகளுக்கு முகம் மாறும். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்; வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இரண்டாம் வாரம் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது என் வகுப்பின் சட்டம். எடுத்த படத்தை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு மாணவி அப்படிக் கொண்டுபோன படத்தில் ஒரு வியாபாரியின் முகம் பிரமாதமாக வந்திருந்தது, பக்கவாட்டு வெளிச்சம், ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மணி, என் மூஞ்சியை வைத்து நான் என்ன செய்வது? மாடு எங்கே?” என்றார். அடுத்த வாரம் மாட்டோடு எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்து அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, எந்த மாட்டை எந்த விலைக்குக் கீழே விடக் கூடாது என்று தீர்மானிப்பது அவர் மனைவி. கட்டுத்தறியில் தவிடு கலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், செலவெல்லாம் எழுதிய நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். சந்தைக்கே வராத அந்த அம்மாள்தான் கடைசியில் அந்தக் கட்டுரையின் நாயகி ஆனார். துண்டுப் படம் அதில் ஆறாவதாக வந்தது. அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அந்தத் துண்டைப் பார்த்தால் அது வேறு படம்.

இந்த வகைக்கு எல்லோரும் காட்டும் முன்னோடி, அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1948இல் லைஃப் பத்திரிகைக்காக எடுத்த கிராமத்து டாக்டர் கட்டுரை. கொலராடோ மலையூர் ஒன்றில் ஒரே டாக்டரோடு 23 நாள் இருந்திருக்கிறார். வாரக் கடைசி ஒன்றில் முடித்துக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்வதுண்டு. பயனிருப்பதில்லை.

வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்களிடம் ஒன்றை மட்டும் மறக்கச் சொல்வேன்: பொன்னொளி நேரம், அதாவது சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் கிடைக்கும் இதமான வெளிச்சம், நீளும் என்ற நம்பிக்கை. நாம் இருப்பது வட அட்சரேகை 11 டிகிரி வாக்கில். சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். உதித்து ஒரு மணி நேரத்தில் அடிவானத்துக்கு மேலே சுமார் 14 டிகிரி உயரத்தைத் தொட்டுவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் லண்டனில் அதே ஒரு மணி நேரத்துக்கு 9 டிகிரிதான். ஆகவே இங்கே எழுந்து குளித்து, காபி குடித்துவிட்டு வந்தால் வெளிச்சம் போயிருக்கும்.

பணத்துக்கு வருகிறேன். பாதி முன்பணம் வாங்காமல் எந்த வேலையும் தொடங்காதீர்கள், வகுப்பும் அப்படித்தான். நட்புக்காக வருகிறேன் என்கிறவர் மழை தூறினால் வரமாட்டார். இன்னொன்று சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொட்டேஷனிலேயே, படத்தின் உரிமை எனக்கு, இன்ன உபயோகத்துக்கு இத்தனை வருடம் அனுமதி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் கிரைண்டர் படம் ஒன்று, படம் கேட்ட கம்பெனியைத் தாண்டி அதன் டீலர் ஒருவர் போர்டில் ஏறியபோது அந்த ஒரு வரிதான் எனக்குத் தனிப் பணம் வாங்கித் தந்தது. நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை உங்கள் ஆயுளும் அதன் மேல் 60 வருடமும் இருக்கும். சந்தைப் படங்களைப் பத்திரப்படுத்தி வைக்க இது ஒரு காரணம்.

கேமரா? இரண்டாம் கையாக ஒன்று வாங்குங்கள். படம் பதியும் சென்சார் பெரிய ஃபுல் ஃபிரேம் என்றால் 35 மி.மீ. லென்ஸ், அதைவிடச் சின்ன ஏ.பி.எஸ்.-சி சென்சார் என்றால் 23 அல்லது 24 மி.மீ. ஒன்றே ஒன்று போதும். மிச்சமாகும் காசில் பிரிண்ட் போடுங்கள். சந்தைக்குச் செருப்போடு வராமல் ஷூ போட்டு வாருங்கள், கேமராப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், மாட்டுக்குப் பின்பக்கம் நிற்காதீர்கள்.