ட்ரிகர் கெட்டியா? ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

கேள்வி: 25 மீட்டர் போட்டிப் பயிற்சிக்காக, லைசென்ஸில் பழைய பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். ட்ரிகர் கெட்டி, இழுத்தால் நறநறவென்று வேறு இருக்கிறது. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் லேத் பட்டறை நண்பர். வெளிநாட்டுத் தளமொன்றில் ட்ரிகர் கிட்டும் (மாற்றிப் போடும் ட்ரிகர் பாகங்கள்) பார்த்து வைத்திருக்கிறேன். எது நல்லது? (வாசகர், காட்பாடி)

பதில்: இரண்டும் வேண்டாம்.

ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) ஸ்பிரிங்கை வெட்டினால் இழுப்பு லேசாகும், கூடவே அடியும் லேசாகும். பாயிண்ட் 22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கிறது; பலமாக அடித்தால்தான் வெடிக்கும். போட்டி நடுவில் மிஸ்ஃபயர் ஆனால் நண்பரா வந்து நிற்பார்? சியரை (ட்ரிகரை இழுக்கும்வரை ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) தேய்ப்பது இன்னும் மோசம். பிடிமானம் போய்விட்டால், ஸ்லைடு (சுடும்போது பின்னே போய்வரும் மேல்பகுதி) திரும்பி வந்து மோதும் அதிர்ச்சியிலேயே ஹேமர் விழுந்து அடுத்த குண்டும் பாயலாம்.

சட்டமும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேண்டும். சும்மா செய்து கொடுத்தாலும் மாட்டப்போவது உங்கள் நண்பர்தான். அந்த கிட்டும் அப்படித்தான்: ஆயுதத்தின் பாகங்களும் சட்டப்படி ஆயுதமே. இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் வரவழைத்தால் கஸ்டம்ஸில் நிற்கும், பணமும் போகும்.

இன்னொன்று: 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் ட்ரிகர் எடை (அதை இழுக்கத் தேவைப்படும் விசை) 1000 கிராமுக்குக் குறையக்கூடாது. குழலை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரில் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். ஹேமர் விழுந்தால் அந்தத் துப்பாக்கியோடு களமிறங்க முடியாது. (500 கிராம் என்று யாராவது சொன்னால், அது 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு.) உங்கள் பயிற்சியாளரிடம் ட்ரிகர் கேஜ் இருந்தால் முதலில் அளந்து பாருங்கள். 1000க்குப் பக்கத்தில் இருந்தால் உங்கள் தொல்லை எடையே இல்லை, அந்த நறநறப்புதான்.

பழைய பிஸ்டலில் அதற்குப் பெரும்பாலும் காரணம் அழுக்கு. பாயிண்ட் 22 தோட்டா கரியும் மெழுகும் நிறையக் கக்கும். பழைய எண்ணெயோடும் நம்மூர்க் கோடைத் தூசியோடும் சேர்ந்து பிசினாகிவிடும். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லி, உரசும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் மட்டும் விடச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே கம்பெனி ஸ்பிரிங்கையே போடட்டும். அசல் லைசென்ஸை மறக்காமல் கொண்டுபோங்கள்.

அப்புறம் வீட்டில் வெறும் ட்ரிகரை இழுத்துப் பழகுவதானால் டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் வெறும் அடி சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பைக் கெடுத்துவிடும்.

இதற்கு மேலும் திருப்தி இல்லையென்றால் இதை விற்றுவிட்டு, ட்ரிகர் எடையையும் இழுப்பு தூரத்தையும் திருகாணியிலேயே மாற்றிக்கொள்ளும் வால்தர், பர்தினி போன்ற போட்டி மாடலுக்குப் போங்கள். விலை கையைக் கடிக்கும்.