பொன்தாள் போர்த்திய ஆய்வேடுகள்

கேள்வி: ஐரோப்பிய நூலகம் ஒன்றில் 18ஆம் நூற்றாண்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சில, பொன்னிறப் பூவேலைத் தாளில் பொதியப்பட்டிருக்கக் கண்டேன். மாணவர் ஏட்டுக்கு இத்தனை அலங்காரம் ஏன்? செலவு யாருடையது? (வாசகர், மதுரை)

பதில்: அக்கால ஆய்வேடு என்பது, அவையில் வாதிடுவதற்காக முன்கூட்டியே அச்சிடப்பட்ட லத்தீன் சிறுநூல். ஸ்வீடனின் உப்சாலாவில், வாதத்துக்குத் தலைமை தாங்கிய பேராசிரியரே பல வேளைகளில் அதை எழுதினார். எழுந்து நின்று வாதாடுவதும் அச்சுக்கூலி கொடுப்பதும் மாணவர் பாடு. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் தலைமையில் மட்டும் இப்படி 186 ஆய்வேடுகள் வெளிவந்தன.

பெரும்பாலான படிகள் மலிவுத் தாளில் அச்சாகி, மேலட்டை இல்லாமல் வெறுமே தைக்கப்பட்டவை. ஒரு சில மட்டும் தடித்த உயர்ரகத் தாளில் அச்சாகி, பொன்தாளோ பட்டோ போர்த்தி, காணிக்கைப் பக்கத்தில் பெயர் பொறித்த பிரபுவின் கைக்கோ ஆயரின் கைக்கோ போய்ச் சேர்ந்தன. படிப்பு முடித்து உத்தியோகம் தேடும் இளைஞனுக்கு அதுவே விண்ணப்பம். ஆகவே அந்த அலங்காரத்தை வீண் பகட்டென்று நான் சொல்லமாட்டேன்.

பொன்தாளுக்குப் பேர்போன ஊர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க். சித்திரம் வெட்டிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, மெல்லிய பித்தளைத் தகட்டையும் வண்ணத் தாளையும் அதன்மேல் பரப்பி, உருளை அழுத்தியில் செலுத்துவார்கள். கொடியும் பூவும் தாளில் புடைத்து நிற்கும்; விரலால் தடவினாலே தெரியும். பித்தளை என்பதால்தான் நாளடைவில் கறுத்துப்போகிறது. தயாரித்தவர் தம் பெயரைத் தாளின் ஓரத்தில் பொறிப்பதுண்டு. சிறுநூலின் அளவுக்கு வெட்டும்போது அந்தப் பெயர் பாதியாகிவிடும், அல்லது முழுதும் போய்விடும். பிற்காலத்தில் பல ஏடுகளை ஒன்றாகச் சேர்த்துத் தடித்த தொகுதிகளாகக் கட்டியபோது இந்த உறைகள் பலவும் கழற்றி எறியப்பட்டன. அந்த இழப்பை நினைத்தால் மனம் வருந்துகிறது. ஏடு யாருக்காக அணிசெய்யப்பட்டது என்ற செய்தி உறையோடு சேர்ந்தே போய்விட்டது.

கேள்வி: ஆய்வுரையைத் துணியிலேயே அச்சிட்டார்கள் என்பது மெய்யா? (வாசகி, திருச்சி)

பதில்: மெய்தான். பாரிஸிலும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும், மேலே படமும் கீழே வாதப்பொருளுமாகப் பெரிய தாள்கள் அச்சிடப்பட்டன. சிறப்புப் படிகள் சாட்டின் பட்டில் அமைந்தன. செதுக்கோவியர் ராபர்ட் நாந்தய் வரைந்த பதினான்காம் லூயி மன்னரின் பெரிய உருவப்படங்களில் சில, இத்தகைய தாள்களுக்காகவே ஆனவை. பின்னால் வந்த சேகரிப்பாளர்கள் பலர் மன்னரின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மாணவர் வாதாடிய பகுதியைக் கத்தரித்துவிட்டார்கள்.