எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்ட்ரிங்: எந்த செட் வாங்கலாம்?

கே: ஸ்ட்ராட் வகை கிட்டார் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். ஸ்ட்ரிங் வாங்கப் போனால் "ஒன்பதா, பத்தா?" என்று கேட்கிறார்கள். தடிமனான கம்பி போட்டால்தான் சத்தம் கனமாக வரும் என்கிறான் நண்பன். எதை வாங்குவது? (கோயம்புத்தூர்)

ப: ஒன்பது, பத்து என்பது செட்டிலேயே மெல்லிய கம்பியின் தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 9 பங்கு அல்லது 10 பங்கு. 9-42 செட்டில் 9, 11, 16, 24, 32, 42 என ஆறு கம்பிகள் இருக்கும். 10-46 செட்டில் 10, 13, 17, 26, 36, 46.

ஆயிரத்தில் ஒரு பங்கு என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே சுருதிக்கு முறுக்கும்போது கம்பியின் இழுவிசை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 9-லிருந்து 10-க்குப் போனால் முதல் கம்பியில் மட்டும் சுமார் 23 சதவீதம் கூடுதல். ஸ்ட்ராட்டில் நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் அமரும் கட்டை) பிரிட்ஜுக்கும் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) இடையே 25.5 அங்குலம். அந்த நீளத்தில் 9-42 செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 38.5 கிலோ அளவுக்கு இழுக்கும். 10-46 செட் ஏறத்தாழ 47 கிலோ. பெண்ட் செய்யும் (சுருதி ஏறக் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும்) விரலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

லெஸ் பால் என்ற மற்றொரு கிட்டார் வகையில் அந்த நீளம் 24.75 அங்குலம். அதனால் ஒரே செட் அதில் சுமார் 6 சதவீதம் தளர்வாக இருக்கும். யாரோ ஒரு நண்பர் லெஸ் பாலில் 10 போட்டு சுகமாக வாசிக்கிறார் என்பதற்காக உங்கள் ஸ்ட்ராட்டிலும் 10 அப்படியே இருக்காது. அவர் கையில் இருக்கும் உணர்வு உங்களுக்கும் வேண்டுமென்றால் 9-42-க்கும் 10-46-க்கும் நடுவில் வரும் 9.5-44 பொருத்தம்.

தடிமனால் சத்தம் கூடும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. டெக்சாஸ் கிட்டார் கலைஞர்கள் இருவரையே பாருங்கள். ஸ்டீவி ரே வான் 13-இல் தொடங்கும் செட்டை அரை சுரம் இறக்கி வாசித்தார். இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7-இல் தொடங்கும் செட்டை வைத்திருக்கிறார். இருவர் சத்தத்தையும் மெலிவு என்று யாரும் சொன்னதில்லை. தடிமனை உங்கள் கைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். சத்தத்துக்கு ஆம்ப், பிக்கப் (கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் காந்தப் பாகம்) உயரம், கம்பியின் உலோகம் ஆகியவற்றைப் பாருங்கள். பழகத் தொடங்குபவருக்கு ஸ்ட்ராட்டில் 9-42. கம்பியை அழுத்திப் பிடிப்பதால் கார்டு சுருதி விலகிக் கேட்டால், அல்லது ரிதம் அதிகம் அடிப்பவர் என்றால் 10-46.

கே: நிக்கல் பிளேட்டட், ப்யூர் நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று உறையில் போட்டிருக்கிறது. காதுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? (மதுரை)

ப: தெரியும், ஆனால் தடித்த மூன்று கம்பிகளில்தான். மெல்லிய மூன்றும் எந்த செட்டிலும் பெரும்பாலும் வெறும் ஸ்டீல் கம்பியே. உறையில் எழுதியிருக்கும் உலோகம், தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் சுருளைக் குறிக்கும்.

நிக்கல் பிளேட்டட் என்றால் ஸ்டீல் சுருளின் மேல் நிக்கல் முலாம். கடையில் தொங்கும் செட்களில் பெரும்பாலானவை இதுதான். ஆயுள், பளிச்சென்ற ஒலி, விலை மூன்றுக்கும் நடுவில் நிற்கும். சந்தேகம் இருந்தால் இதையே வாங்குங்கள். ப்யூர் நிக்கல் ஸ்டீலைவிடக் காந்தத்துக்குக் குறைவாக வசப்படும். அதனால் பிக்கப் வாங்கும் சிக்னல் சற்றுக் குறையும், உச்ச ஒலி மழுங்கும். பழைய ப்ளூஸ், ஜாஸ் சாயல் வேண்டுபவர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். ஸ்டெயின்லெஸ் மூன்றிலும் பளிச்சென்றது. துருவும் எளிதில் பிடிக்காது. ஆனால் தடவும்போது கொஞ்சம் சொரசொரப்பு, விரல் நகரும்போது கீச்சொலி. ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பில் போட்டால் டோன் நாபைப் பாதிக்கு இறக்கியே வாசிக்க வேண்டி வரலாம்.

"வார்ம்", "பிரைட்", "வின்டேஜ்" என்று உறையில் இருப்பவை விளம்பரச் சொற்கள். எந்த உலோகம், எந்த எண் என்ற இரண்டு வரிகளை மட்டும் படித்தால் போதும்.

கே: கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரு செட் கொடுத்தார். மாட்டிய பிறகு கீழ் இரண்டு கம்பி பலமாகவும் மேல் நான்கு மந்தமாகவும் கேட்கிறது. கிட்டார் கெட்டுவிட்டதா? (திருநெல்வேலி)

ப: கிட்டாரில் கோளாறு இல்லை. தடித்த கம்பிகளின் நிறத்தைப் பாருங்கள். செம்பு அல்லது பொன் நிறமாக இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது அகூஸ்டிக் செட். அதில் சுற்றியிருக்கும் பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கல வகை) சுருளைக் காந்தம் உணராது. உள்ளே இருக்கும் ஸ்டீல் நடுக்கம்பியை மட்டுமே பிக்கப் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு அகூஸ்டிக் செட்கள் 11, 12 என்று தொடங்கும். மூன்றாவது கம்பியும் சுருள் சுற்றியதாக இருக்கும். கழுத்தின் மேல் இழுப்பு அதிகம். இன்றே தளர்த்திக் கழற்றிவிடுங்கள். அகூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவருக்கு அந்த செட் ஆகும்.

கே: 9-லிருந்து 10-க்கு மாற்றினேன். பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டது, கம்பி உயர்ந்துவிட்டது, ஒரு கம்பியை டியூன் செய்தால் மற்றது இறங்குகிறது. செட் சரியில்லையா? (சென்னை)

ப: செட்டில் குறையில்லை. முன்னே கம்பிகள் இழுக்க, பின்னே ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்க, இரண்டுக்கும் நடுவில் உங்கள் ட்ரெமலோ பிரிட்ஜ் மிதக்கிறது. முன்பக்க இழுப்பை 8 கிலோவுக்கு மேல் கூட்டிவிட்டீர்கள்.

கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகடும் அதில் இரண்டு ஸ்க்ரூவும் தெரியும். இரண்டையும் கால் சுற்று உள்ளே முறுக்கி, ஆறு கம்பியையும் மறுபடி டியூன் செய்து, பிரிட்ஜைப் பாருங்கள். பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் மேலே நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். டியூன் செய்யாமல் ஸ்க்ரூவை மட்டும் திருகிக்கொண்டே போனால் கடைசியில் பிரிட்ஜ் உடலோடு அமர்ந்துவிடும்.

அடுத்தது கழுத்து. இழுப்பு கூடினால் கழுத்து முன்னே வளையும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் இருக்கலாம். தனியாக அளவுகோல் வாங்க வேண்டாம்: 10 எண் கம்பியின் தடிமனே 0.254 மில்லிமீட்டர். வெட்டிப்போட்ட துண்டை அந்த இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். தளர்வாக ஆடினால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் தண்டு) கடிகார முள் திசையில் கால் சுற்றுக்குள் முறுக்கி, மறுபடி டியூன் செய்து அளவெடுங்கள். இறுகி நகராவிட்டால் பலம் காட்டாமல் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக இருக்கிறதா என்பது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் சாடிலை (பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் சிறு துண்டு) கழுத்திலிருந்து விலக்கிப் பின்னே தள்ளுங்கள்; குறைந்தால் முன்னே கொண்டுவாருங்கள். நட் பள்ளத்தைப் பொறுத்தவரை 9-க்கு வெட்டியது 10-ஐயும் பெரும்பாலும் தாங்கும். டியூன் செய்யும்போது "டிங்" என்று குதித்தால் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். 11-49-க்குப் போனால் பள்ளத்தை அகலப்படுத்தத்தான் வேண்டியிருக்கும். அதை அதற்கான அரம் வைத்திருப்பவரிடம் செய்யக் கொடுங்கள்.

கே: உள்ளங்கை எனக்கு எப்போதும் வியர்க்கும். கடலோரத்தில் வீடு. ஒரே மாதத்தில் கம்பி கறுத்துவிடுகிறது. இரு மடங்கு விலை கொடுத்து கோட்டட் செட் வாங்கலாமா? (தூத்துக்குடி)

ப: உங்களுக்கு லாபம்தான். வியர்வை உப்பும் தோல் அழுக்கும் சுருளின் இடுக்கில் போய் அடைவதே ஒலி மந்தமாவதற்கு முதல் காரணம். எலிக்ஸிர் போன்ற கோட்டட் செட்களில் சுருளின் மேல் மெல்லிய பாலிமர் படலம் இருப்பதால் அது தடுக்கப்படும். சாதாரண செட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நாள் ஓடினால் கொடுத்த காசு வந்துவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை உலர்ந்தே இருக்கும், வாரம் இருமுறைதான் வாசிப்பேன் என்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

ஆனால் கோட்டிங் துருவைத்தான் தடுக்கும். பெண்ட் செய்து அறுவதையும், ஃப்ரெட்டில் பட்டுக் கம்பி பள்ளம் விழுவதையும் அது தடுக்காது. பிக் படும் இடத்தில் படலம் நார்நாராகப் பிரிவது இயல்பு; அதனால் ஒலிக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது.

எந்த செட்டானாலும் வாசிக்கும் முன் கையைக் கழுவி, வாசித்த பின் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பியின் அடிப்பக்கத்திலும் விட்டுத் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். மாற்றும் நாளை நாள்காட்டி சொல்லாது. நகத்தைக் கம்பியின் அடியில் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட்டுக்கு நேரே குழி தட்டுப்பட்டால், அல்லது மேல் ஃப்ரெட்களில் சுருதி சேராவிட்டால், கம்பியின் ஆயுள் முடிந்தது.

கே: முதல் கம்பி மட்டும் திரும்பத் திரும்ப அறுகிறது. இரண்டு பிராண்ட் மாற்றிப் பார்த்தாயிற்று. திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாமா? (திருச்சி)

ப: முதலில் அறுந்த இடத்தைப் பாருங்கள். சாடில் மேல் அறுந்தால் அங்கே பிசிறு இருக்கிறது. பழைய தடித்த கம்பி ஒன்றை அந்தப் பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் 600 எண் உப்புத்தாள். ஸ்டீல் வுல் வேண்டாம், அதன் தூள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். டியூனர் தண்டில் அறுந்தால் துளையின் விளிம்பு கூர்மை. நட்டில் அறுந்தால் பள்ளம் இறுக்கம். கம்பி அடியில் இருக்கும் சிறு குண்டுக்கருகே முறுக்குப் பிரிந்தால் மட்டும் அது தயாரிப்புக் குறை. கம்பியையும் உறையையும் எறியாமல் வைத்துக்கொண்டு ரசீதுடன் கேளுங்கள். மாற்றித் தரச் சொல்வது நியாயம்.

கே: ஆன்லைனில் பாதி விலைக்குப் பெரிய பிராண்ட் செட் வந்தது. போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம்)

ப: டி'அடாரியோ எக்ஸ்எல் என்றால் குண்டுகளின் நிறம் பாருங்கள்: மெல்லியதிலிருந்து வெள்ளி, ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, பித்தளை. ஆறும் ஒரே நிறமென்றால் சந்தேகம் உறுதி. ஆனால் நிறத்தையும் போலிக்காரர்கள் பூசிவிடுவார்கள், அதனால் வெர்னியரால் தடித்த கம்பியையும் அளந்து பாருங்கள்: 46 என்றால் 1.17 மில்லிமீட்டர், 42 என்றால் 1.07. மெல்லிய கம்பியில் 9-க்கும் 10-க்கும் வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர்தான், சாதாரண வெர்னியரை அதில் நம்ப முடியாது.

இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருப்பது சட்டப்படி கட்டாயம். அந்த ஸ்டிக்கரே இல்லாவிட்டால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம். பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கே: டிராப் டி-யில் (தடித்த கம்பியை மட்டும் ஒரு முழு சுரம் இறக்கி) வாசித்தால் அந்தக் கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கிறது. (வேலூர்)

ப: ஒரு முழு சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். 10-52 செட் போடுங்கள். இறக்கிய 52, இறக்காத 46 அளவுக்கே விறைப்பாக நிற்கும். மெல்லிய மூன்றும் பழைய 10-46-இல் இருப்பவையே, அதனால் பெண்ட் செய்யும் கைக்கு மாற்றம் தெரியாது. 52-க்கு நட் பள்ளம் போதுகிறதா என்று மட்டும் மாட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.