பழைய வணிகக் கணினிகளில் ஒரே வரிசையில் நான்கு முகவரி லேபிள்களை எப்படி அச்சடித்தார்கள்?

ஐ.பி.எம். 1401 போன்ற கணினியின் பிரிண்டர் வரி வரியாகத்தான் அடிக்கும், அடித்த வரிக்குத் திரும்பிப் போகாது, அப்படியிருக்க நான்கு முகவரிகள் பக்கம் பக்கமாக எப்படி வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1401-இல் வேலை பார்த்ததில்லை. ஆனால் கோபோல் என்ற வணிக நிரல்மொழியிலும், டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளிலும் லேபிள் புரோகிராம்கள் எழுதியிருக்கிறேன். எந்தக் கணினியானாலும் இதற்கு வழி ஒன்றுதான்.

முதல் முகவரியைப் படித்ததும் அச்சடிக்கக் கூடாது. நான்கு முகவரிகள் சேரும்வரை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். பிறகு நான்கு பெயர்களையும் ஒரே வரியாக அடிக்க வேண்டும், அடுத்து நான்கு தெருக்கள், அதற்கடுத்து நான்கு ஊர்கள்.

1401-இல் இது மிக அழகாக அமைந்தது. 1959-இல் அறிமுகமான அந்தக் கணினியில் அச்சுக்கென்றே நினைவகத்தில் 201 முதல் 332 வரையான இடங்களை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே எதை நகர்த்தி வைத்தாலும், அச்சிடும் கட்டளை வந்ததும் அது 1403 பிரிண்டரில் ஒரு வரியாக விழும். மொத்தம் 132 எழுத்துகள். நான்கால் வகுத்தால் லேபிளுக்கு 33. ஆக நான்கு பத்திகளும் (மேலிருந்து கீழாக வரும் லேபிள் வரிசைகள்) 201, 234, 267, 300 என்ற இடங்களில் தொடங்கும். துளையட்டை ஒன்றில் 80 எழுத்துகள். அட்டைக்கு ஒரு முகவரி என்று வைத்தால், நான்கைச் சேர்த்துவைக்க 320 இடங்கள் போதும். 4,000 எழுத்து நினைவகம் கொண்ட சிறிய 1401-க்கே இது எளிதான வேலை.

ஏன் இந்தப் பாடு? நேரத்துக்காக. 1403 நிமிடத்துக்கு 600 வரிகள் அடிக்கும். ஒரு அங்குல லேபிளுக்கு, இடைவெளியும் சேர்த்து, ஆறு வரிகள். ஒற்றைப் பத்தியில் 10,000 முகவரிகளை அடிக்க 100 நிமிடம் ஆகும். நான்கு பத்தியானால் 25 நிமிடம்தான். வாடகைக் கணினியில் ஒவ்வொரு மணிக்கும் காசு.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. என்னைப் பொறுத்தவரை உண்மையான சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. முகவரிகளைப் பின்கோடு வாரியாக அடுக்கி அனுப்பினால் தபால்களைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பது எளிது. (நம் பின்கோடு 1972-இல் வந்தது. முதல் மூன்று எண்களைப் பார்த்தாலே தபால் பிரிக்கும் மாவட்டம் தெரிந்துவிடும்.) லேபிளை ஒட்டுபவர் இடமிருந்து வலமாக உரித்து ஒட்டினால் மேலே சொன்ன முறையே போதும். ஆனால் தாளை நெட்டுவாக்கில் நான்கு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையாக ஒட்டுகிறார்கள் என்று வையுங்கள். முதல் பட்டையில் 1, 5, 9 என்று வரும். கஷ்டப்பட்டு அடுக்கிய வரிசை அங்கேயே குலைந்துபோகும்.

அதற்கு மொத்தக் கோப்பையும் நான்காகப் பிரித்து, 10,000 முகவரிகளானால் 1, 2501, 5001, 7501 ஆகிய நான்கு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படித்துக்கொண்டு போக வேண்டும். டிஸ்க் இருந்தால் முடியும். டிபேஸில் லேபிள் ஃபார்ம் என்ற ஆயத்தக் கட்டளை உண்டு, ஆனால் அது குறுக்கு வரிசையில்தான் அடிக்கும். பட்டை வரிசை வேண்டுமென்றால் சொந்தமாகத்தான் எழுத வேண்டும். கோப்பை மாற்றாமல் வரிசையை மட்டும் தனியே குறித்துவைக்கும் இண்டெக்ஸை நம்பாமல், முதலில் சார்ட் செய்து (வரிசைப்படி அடுக்கி) புதுக் கோப்பு உண்டாக்கிக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் திறந்திருந்தாலும், பதிவு எண் சொல்லிப் போனால் டிபேஸ் கோப்பில் இருக்கும் இடத்துக்குத்தான் போகும், வரிசைப்படி போகாது.

அந்த லேபிள் ஃபார்ம் கட்டளையில் எனக்குப் பிடித்தது, லேபிள் அளவில் நட்சத்திரக் குறிகளை மாதிரியாக அடித்துக் காட்டும் வசதி. அதை வைத்துத் தாளைச் சரியாக நிறுத்திவிட்டுத்தான் அச்சைத் தொடங்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் லேபிள் தாளைப் பின்னோக்கி மட்டும் சுழற்றவே கூடாது. லேபிள் உரிந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்தெடுப்பது பெரும்பாடு.

33 எழுத்து நம் ஊர் முகவரிகளுக்குப் பல நேரம் பற்றாது. கதவு எண், தெரு, நகர், இரண்டாம் குறுக்கு என்று நீண்டுகொண்டே போகும். வெட்டத்தான் வேண்டுமென்றால் தெருவை வெட்டுங்கள், பின்கோட்டைத் தொடாதீர்கள். கடைசி வரியில் வலது ஓரத்தில் அதற்கு ஆறு இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. இரண்டாவது தெரு வரி காலியாக இருந்தால் ஊரை மேலே ஏற்றிவிட வேண்டும்.

நீங்களே எழுதிப் பார்ப்பதானால் சோதனைக்கு எட்டு முகவரி கொடுக்காதீர்கள், பத்து கொடுங்கள். எட்டு நான்கால் சரியாக வகுபடுவதால் எந்தப் பிழையும் வெளியே தெரியாது. பத்தில் கடைசி வரிசைக்கு இரண்டுதான் மிஞ்சும். கோப்பு முடிந்ததும் அந்த இரண்டையும் அச்சுக்கு அனுப்பாவிட்டால் இரண்டு பேருக்குத் தபால் போகாது. வரிசைக்கு வரிசை நான்கு இடங்களையும் துடைக்காவிட்டால் ஏழாவது, எட்டாவது முகவரிகள் மூன்றாம் நான்காம் பத்திகளில் இன்னொரு முறை வந்து நிற்கும்.