தட்டட்டி அறையில் போர்வை மூடிக் கிடக்கும் ரயில்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 52 வயது. பாளையங்கோட்டையில் வீடு, அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட ஓர் அறை உண்டு. அதில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டில் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் மலைப்பாதையை 1:87 அளவில், 12 மி.மீ. தண்டவாளம் போட்டுச் செய்து வைத்திருக்கிறேன். 2010-ல் அகலப்பாதைக்காக அந்த லைனை மூடினார்கள்; மறுவருஷம் இந்த வேலையை ஆரம்பித்தேன். ஆரியங்காவு ஸ்டேஷன், பதிமூணு கண் பாலம், ஒரு ஒய்.பி. நீராவி என்ஜின், ஒரு ஒய்.டி.எம்.4 டீசல். பெட்டிகள் எல்லாம் கையால் செய்தவை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த கடைக்காரர் ஒருவர், பாலத்தை மட்டும் தனியாகச் செய்து தரச் சொன்னார். பணமும் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது நாலு கண்ணோடு நிற்கிறது. 12,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. 5 மி.மீ. சன்போர்டில் (பிளாஸ்டிக் நுரை அட்டை) கல் வரி கீறி வண்ணம் ஏற்ற ஒரு கண்ணுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. எட்டு மாதமாகக் கை ஓடவில்லை. ஆள் போன் பண்ணினால் எடுப்பதில்லை.

இதோடு என் லேஅவுட்டும், அதாவது பிளைவுட் மேல் போட்ட அந்த ரயில் பாதையும், படுத்துகிறது. மே மாதம் பாலத்துக்கு முந்தைய வளைவில் தண்டவாளம் பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது. டீசல் என்ஜின் பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) மேல் வந்ததும் நின்றுவிடுகிறது, விரலால் தள்ள வேண்டும். அரை மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிஷம் ஓடும். ரயில் மாடல் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டால், ‘புகைக்கூண்டு உயரம் தப்பு’ என்று முதல் ஆளே எழுதுகிறார்.

இப்போது ராத்திரி 9 மணிக்கு மேலே போனாலே தலை கனக்கிறது. போர்வையைப் போட்டு மூடிவிட்டுக் கீழே வந்து செல்போன் பார்க்கிறேன். மற்றபடி சாப்பாடு, தூக்கம் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறையில் குளிக்கப் போவது பிடித்துத்தான் இருக்கிறது. வீட்டுக்காரி, “அதுல போட்ட ரூவாய்க்கு ஒரு ஏசியாவது வாங்கிருக்கலாம்லா, வித்துத் தொலைங்க” என்கிறாள். இது மனச்சோர்வா? விற்றுவிடலாமா?

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

•

அண்ணாச்சி,

விற்கிற பேச்சைக் கார்த்திகை வரைக்கும் தள்ளிப் போடுங்கள். ஆற்றுக் குளியல் பிடிக்கிறது, தூக்கமும் பசியும் சரியாக இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு நோய் என்றால் ஒரு அறையோடு நிற்காது. குளியல், சாப்பாடு, பேச்சு எல்லாவற்றிலும் ருசி போகும். நாளின் பெரும்பகுதி அப்படியே, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்து மனசு கனத்தாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும்கூட, ரயிலை மறந்துவிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கும் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை. அலுப்பு உடம்பெங்கும் இருந்தால் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 52 வயதில் இதைப் பார்க்காமல் மனசை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது.

அந்தத் தலைகனத்தையும் முழுசாக மனசின் கணக்கில் எழுதாதீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த ஆஸ்பெஸ்டாஸ் சீட் ராத்திரி ஒன்பதுக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டுதான் இருக்கும். ஆடிக் காற்றில் புழுதி வரும் என்று ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள். உள்ளே சால்டரிங் புகை, தின்னர், சூப்பர் குளூ. தலை கனக்காமல் என்ன செய்யும்? வேலையைக் காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து, ஃபேன் காற்று உங்கள் முகத்திலிருந்து வெளியே போகிற மாதிரி வையுங்கள். ஈயம் கலந்த சால்டர் என்றால் கை கழுவாமல் காப்பி டம்ளரைத் தொடாதீர்கள்.

இனி பாலம். நான்கு பாலத்துக்கு 52 கண். முதல் 13 கண்ணை நீங்கள் ஆசையாகச் செய்தீர்கள், மீதி 39 கூலிக்கு. கண்ணுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 78 மணி நேரக் கூலி வேலை, அதுவும் பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு வந்து. தீர்ந்துபோதல் (பர்ன்அவுட்) என்கிற நிலையை உலக சுகாதார நிறுவனம் வேலையிடத்தோடு சேர்த்துத்தான் வரையறுக்கிறது: சக்தி வற்றுவது, வேலை மேல் வெறுப்பு, ‘என்னால் முடியாது’ என்கிற நினைப்பு. பொழுதுபோக்குக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் வாடிக்கையாளர், கெடு, அட்வான்ஸ் மூன்றும் வந்தபிறகு உங்கள் தட்டட்டி அறை இரண்டாவது ஆபீஸ் ஆகிவிட்டதே!

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே பிரியம் உள்ள பிள்ளைகள். ஒரு கூட்டத்திடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, பரிசு பேச்சே இல்லாமல் பேனாவை மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதிதான். சொல்லாமல் கொள்ளாமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே நாளைக்கு யாராவது பாலம் கேட்டால் விலை பேசாதீர்கள். மனசிருந்தால் சும்மா கொடுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

கடைசி ஆர்டருக்கு என் யோசனை, 12,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதுதான். இந்த வாரமே போன் பண்ணி, “அண்ணாச்சி, என்னால முடிக்க முடியல. தப்பு என் பேர்லதான். ரூவாய ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தாரேன்” என்று மூன்றே வாக்கியம் பேசுங்கள். உடம்பு சரியில்லை, சாமான் கிடைக்கவில்லை என்று கதை கட்டினால் ‘அப்ப அடுத்த மாசம் குடுங்க’ என்பார், மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். பணம் செலவாகிவிட்டது என்றால் வேறு வழி பாருங்கள்: மிச்சக் கண்களைக் கையால் கீறவே வேண்டாம். முடித்த நான்கில் நல்ல ஒன்றை எடுத்து சிலிக்கான் ரப்பரில் அச்சு வார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஊற்ற, 100 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு 60 மில்லி தண்ணீர். தண்ணீரில் பவுடரைத் தூவி ஊறவிட்டுப் பிறகு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் குமிழி ஏறிக் கல் வரி பொத்தலாகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று ஊற்றினால் ஐந்து நாளில் ஒன்பது கண்ணும் தயார்.

ரயில் நின்று நின்று போவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் தோல்வி கிடைத்தால், அந்த ஏணிப்படியைப் பார்த்ததுமே கால் பின்வாங்கும். இதை மனசோடு பேசித் தீர்க்க முடியாது, ரிப்பேர் பண்ணித்தான் தீர்க்க வேண்டும்.

முதலில் உப்புத்தாளைத் தூக்கிப் போடுங்கள். அது போடும் நுண்ணிய கீறலில்தான் அடுத்த அழுக்கு ஒட்டுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பருத்தித் துணியை நனைத்து, துணி கறுக்காமல் வரும் வரை தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துடையுங்கள். பக்கத்தில் சூடான சால்டரிங் அயர்ன் இருக்கக்கூடாது. தண்டவாளத்தை மட்டும் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டால் பத்து நிமிஷத்தில் பழைய கதை. என்ஜினைத் தலைகீழாகப் பஞ்சு மேல் கிடத்தி, கன்ட்ரோலரிலிருந்து இரண்டு வயரைச் சக்கரத்தில் தொட்டுச் சுழலவிட்டு, லேசாக நனைத்த காது பட்ஸால் ஒவ்வொரு சக்கரமாகத் துடையுங்கள்.

பாயின்டில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபிராக். இரண்டு பாதை குறுக்கிடும் அந்த முக்கு பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே கரன்ட் கிடையாது. என்ஜினில் எல்லாச் சக்கரமும் கரன்ட் எடுக்காவிட்டால் அந்த ஓரிரு சென்டிமீட்டரில் உயிர் போகும். எத்தனை சக்கரத்தில் கரன்ட் எடுக்கும் பித்தளைப் பட்டை உண்மையில் தொடுகிறது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். நகர்ந்துபோன பட்டையை வளைத்துவிட்டாலே பாதி நோய் போய்விடும். அடுத்தது ஜாயினர், அதாவது இரண்டு தண்டவாளத் துண்டை இணைக்கும் சின்ன உலோகத் தகடு. அதைக் கரன்ட் கடத்தும் சாமானாக நம்பவே கூடாது. ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் அடியிலிருந்து தனி வயர் சால்டர் பண்ணுங்கள்.

வளைவு பிதுங்கியதற்கு வெயில் காரணம். 914 மி.மீ. ஃபிளெக்ஸ் டிராக் (வளைத்துப் போடும் தண்டவாளத் துண்டு) 25 டிகிரி சூடு ஏறினால் 0.4 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நீளும். மார்கழிக் குளிரில் நாலு துண்டை இடைவெளி இல்லாமல் முட்ட வைத்திருந்தால் சித்திரையில் ஒன்றரை மில்லி எங்கே போகும்? வளைவில்தான் வெடிக்கும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்துப் பிளைவுட் வேறு அசையும். பிதுங்கிய இடத்துக்கு இருபுறமும் ஜாயினரைக் கழற்றி, அறுத்து, ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி விடுங்கள். அந்த ஜாயினர்களை சால்டர் பண்ணாதீர்கள், வழுக்கி நகரட்டும்.

இதெல்லாம் பெரிய லேஅவுட்டின் கதை. தண்டவாள ரிப்பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதை ஒரு மண்டலம் தொடாதீர்கள். 48 நாளைக்கு வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போடுங்கள், புதுசாக ஒரு சாமானும் வாங்காதீர்கள். கீழே, ஃபேன் ஓடுகிற கூடத்தில், 5 அடி நீளம் 1 அடி அகலத்தில் ஒரு பலகை போடுங்கள். இரண்டு பாயின்ட், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் முட்டுப் பாதை): ஒன்று ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டும் மும்மூன்று. முன்னால் விடும் நீட்டு, என்ஜினும் மூன்று வேகனும் நிற்கிற அளவு. இதற்கு இங்கிள்நூக் என்று பெயர். எட்டு வேகனுக்கும் எண் போட்டு, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்து எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் ஐந்து வேகன் சைடிங்கில் சேர்க்க வேண்டும். 6,720 வரிசை சாத்தியம், அதனால் நேற்று ஆடியது இன்றைக்கு வருவது அபூர்வம். பாலம் இல்லை, மலை இல்லை, புகைக்கூண்டை அளக்க ஆளும் இல்லை. சேரன்மகாதேவி கூட்ஸ் யார்டு என்று பெயர் வைத்துக்கொண்டாலும் சரி.

செல்போனில் 15 நிமிஷம் அலாரம் வையுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் அலாரம் அடித்தால் எழுந்துவிடுங்கள். மிச்சம் வைத்த ஆசைதான் மறுநாள் உட்கார வைக்கும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். நோட்டில் இரண்டே எண் குறியுங்கள்: உட்காரும் முன் மனசு பத்துக்கு எத்தனை, எழுந்தபின் எத்தனை. தொடக்கத்தில் முதல் எண் இரண்டாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாவது எண் கூடுகிறதா என்று பாருங்கள். 48 நாளுக்குப் பிறகும் அது அசையவே இல்லை என்றால் விற்பதைப் பற்றிப் பேசுவோம்; அப்போது அந்த முடிவில் தப்பு எதுவும் இருக்காது.

மூடியிருக்கிற போர்வையை மட்டும் நாளைக்கே எடுத்துவிடுங்கள். பருத்தி நூல் உதிர்ந்து கியருக்குள் சுற்றிக்கொள்ளும், சுற்றினால் மோட்டார் சூடாகும். நாலு மூலையிலும் அரை அடிக் குச்சி நட்டு, அதன் மேல் பாலிதீன் தாள் விரியுங்கள். என்ஜின் இரண்டையும் கீழே கொண்டுவந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள்.