பித்தளை முகப்பு மட்டும் போதாது: பழைய ஃபோர்டு 'டி' மாடல் கார் வாங்குவோருக்கு

வின்டேஜ் கார்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வண்டியைச் சுற்றியே வந்திருக்கின்றன. அது ஃபோர்டு டி மாடல். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: கோவையில் ஒரு கண்காட்சியில் புதுப்பித்த ஃபோர்டு டி மாடல் காரைப் பார்த்தேன். பளபளக்கும் பித்தளை ரேடியேட்டர், நல்ல சிவப்பு பெயின்ட், மர ஆரக்கால் வைத்த சக்கரங்கள். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் போதவில்லை. "1912 மாடல், எல்லாம் அசல், இந்த மாதிரி வண்டி கிடைக்கவே கிடைக்காது, ஒரு வாரத்தில் அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார் உரிமையாளர். அவர் சொல்லும் ஆண்டு உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த வண்டி முன் நின்றால் யாருக்கும் கால் நகராது. அதில் தவறே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே ஒன்று இடிக்கிறது. 1912-இல் இந்த மாடல் கருநீலத்தில்தான் வந்தது. சிவப்பு, சாம்பல் போன்ற நிறங்கள் 1909-ஐ ஒட்டிய தொடக்க காலத்தோடு சரி. 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. அதனால் இந்தச் சிவப்பு பின்னால் அடித்தது. பெயின்ட் மாறியிருப்பது குற்றமல்ல. ஆனால் "எல்லாம் அசல்" என்ற சொல் அங்கேயே விழுந்துவிட்டது. இனி மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

பித்தளை ரேடியேட்டர் 1916 மாடல் வரைக்கும்தான். 1917 மாடலில் இருந்து கறுப்பு உறை போட்ட ரேடியேட்டர் வந்துவிட்டது. பித்தளை முகப்புக்கு மவுசு அதிகம் என்பதால், 1920-களின் வண்டியில் பித்தளை ரேடியேட்டரை மாட்டி வயதைக் கூட்டிச் சொல்வது உலகம் முழுக்க நடக்கிறது. முகப்பைக் கழற்றி மாற்றிவிடலாம். எஞ்சினை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மின்சார ஸ்டார்ட்டரும் டைனமோவும் 1919-இல்தான் வந்தன. எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் டைனமோ பொருத்துவதற்கான இடம் வார்ப்பிலேயே இருந்தால், அந்த பிளாக் 1912-இல் வார்த்ததாக இருக்க முடியாது. விளக்கையும் பாருங்கள். 1914 வரை முன்விளக்குகள் கார்பைடு வாயுவில் எரிந்தவை. 1915-இல்தான் மின்விளக்குக்கு மாறினார்கள்.

அடுத்தது எண். டி மாடலில் வண்டியின் எண் என்பதே எஞ்சின் எண்தான். பெரும்பாலும் எஞ்சினின் இடப்பக்கம், தண்ணீர் உள்ளே போகும் குழாய்க்கு மேலே அது பொறிக்கப்பட்டிருக்கும். 1912 முடியும்போது அந்த எண்கள் 2 லட்சத்தைத் தொடவில்லை. நீங்கள் பார்த்த வண்டியில் எண் பத்து லட்சக் கணக்கில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து 'சி' இருந்தால் அது கனடாவில் செய்த எஞ்சின். அந்த வரிசை தொடங்கியதே 1913-இல். இது நம் ஊரில் முக்கியமான அடையாளம். பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு ஃபோர்டு வண்டிகளை அனுப்பும் உரிமை கனடா நிறுவனத்திடம் இருந்தது. அதனால் அந்தக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து இறங்கிய டி மாடல்கள் வலப்பக்க ஸ்டீரிங் வைத்த கனடா வண்டிகள். இடப்பக்க ஸ்டீரிங் இருந்தால், அது எப்போது, எந்தத் துறைமுகம் வழியாக, யார் பெயரில் வந்தது என்பதற்கு இறக்குமதிக் காகிதம் கேளுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியின் அடிச்சட்டத்தில் (சேஸிஸ்) எண் பொறிக்கும் வழக்கம் இந்த மாடலின் கடைசி ஆண்டுகளில்தான் வந்தது. அதற்கு முன்னால் எஞ்சினை மாற்றினால் வண்டியின் 'வயதே' மாறிவிடும். எனவே எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. எண்ணும் ரேடியேட்டரும் விளக்கும் மட்கார்டும் ஒரே ஆண்டைச் சொல்ல வேண்டும்.

நூறு ஆண்டு ஓடிய வண்டியில் நாலு ஆண்டுகளின் பாகங்கள் கலந்திருப்பது சகஜம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கி ஆசையாக வைத்துக்கொள்ளலாம், நானே பரிந்துரைப்பேன். ஆனால் அதற்குக் கலப்பு வண்டியின் விலைதான் கொடுக்க வேண்டும். "கிடைக்கவே கிடைக்காது" என்ற பேச்சுக்கும் அசையாதீர்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி டி மாடல்கள் செய்யப்பட்டன. உலகில் இன்றும் எளிதில் கிடைக்கும் பழங்கால கார் இதுதான். ஒரு வாரக் கெடு உங்களை யோசிக்க விடாமல் செய்வதற்கு.

கேள்வி: புதுப்பித்த வண்டியில் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று மெக்கானிக் அல்லாத நான் எப்படிப் பார்ப்பது? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் கேட்க வேண்டியது படங்கள். உண்மையாகப் புதுப்பித்தவர் வண்டியைப் பிரித்துப் போட்ட நிலையிலும், துருப்பிடித்த நிலையிலும், பாதி சேர்த்த நிலையிலும் படம் எடுத்து வைத்திருப்பார். லேத் வேலைக்கான பில், வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வரவழைத்த ரசீது, எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும். பெயின்ட் கடை பில்லைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் உங்களுக்கு விற்கப்படுவது பெயின்ட்தான்.

பிறகு கதவுகளைத் திறந்து மூடுங்கள். இந்த வண்டிகளின் பாடி, மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு அடித்துச் செய்தது. நம் ஊர் ஈரத்தில் அந்த மரம் உளுத்துப்போகும், கரையானும் விடாது. கதவு தொங்கினாலோ, மூடும்போது தூக்கிவிட வேண்டியிருந்தாலோ உள்ளே சட்டம் போய்விட்டது என்று பொருள். இருக்கையைத் தூக்கி அடியில் மரத்தைப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மட்கார்டின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். மர ஆரக்கால்கள் 'கிரீச்' என்றால் அவை காய்ந்து தளர்ந்திருக்கின்றன. அந்தச் சக்கரத்தோடு வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.

கேள்வி: என் கணவர் இப்படி ஒரு காரை வாங்கி மகள் திருமண ஊர்வலத்தில் தானே ஓட்டப்போவதாகச் சொல்கிறார். அவர் முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர். பயப்பட வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. ஆனால் அவருடைய முப்பது வருட அனுபவம்தான் இங்கே ஆபத்து. அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டி மாடலிலும் மூன்று பெடல்கள் உண்டு, வேலைதான் வேறு. இடது பெடலை முழுக்க அழுத்தினால் வண்டி முதல் கியரில் முன்னே போகும். விட்டால் மேல் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல்தான் பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீரிங்குக்கு அடியில் கைப்பிடியாக இருக்கிறது. நெருக்கடியில் முப்பது வருடப் பழக்கம் இடது காலால் கிளட்ச் மிதிக்கச் சொல்லும். ஊர்வலக் கூட்டத்துக்கு நடுவே வண்டி முன்னால் பாய்ந்துவிடும். திறந்த மைதானத்தில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்க, பல நாள் பழகாமல் கூட்டத்தில் ஓட்டவே கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். முன் சக்கரங்களில் பிரேக் கிடையாது. பெடல் பிரேக் கியர்பாக்ஸுக்குள் ஒரு உருளையைப் பட்டையால் இறுக்குகிறது. அந்தப் பிடி, நீளத் தண்டு வழியாகப் பின் அச்சின் பல்சக்கரங்களுக்குப் போய்த்தான் சக்கரத்தை நிறுத்த வேண்டும். அந்தப் பல்சக்கரங்களை இடம் பெயராமல் தாங்கும் வாஷர்களை ஃபோர்டு ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையில் வார்த்திருந்தது. வயதானால் அது நொறுங்கும். நொறுங்கினால் பல் பிடிப்பு விலகி, பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அப்போது மிஞ்சுவது பின் சக்கரங்களில் இருக்கும் சின்னக் கைப்பிரேக் மட்டும். உலகெங்கும் டி மாடல் வைத்திருப்பவர்கள் பின் அச்சைப் பிரித்ததும் முதலில் செய்வது, அந்த வாஷர்களை எடுத்துவிட்டு வெண்கல வாஷர் போடுவதுதான். எனவே விற்பவரிடம் ஒரே கேள்வி: "பின் அச்சைப் பிரித்தீர்களா, வெண்கல வாஷர் போட்டிருக்கிறதா, அதற்குப் படமோ பில்லோ உண்டா?" தயங்கினால், அதைப் பிரித்துப் பார்க்கும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பார்த்து முடிக்கும்வரை குடும்பத்தை அதில் ஏற்ற வேண்டாம். பின் சக்கர உருளையை வெளிப்பக்கமிருந்து இறுக்கும் கூடுதல் பிரேக்குகள் அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அசல் தோற்றம் கெடும் என்று சிலர் போட மாட்டார்கள். ஓட்டுகிற வண்டிக்குப் போட வேண்டும் என்பதே என் கருத்து.

கை கிராங்க் போட்டு ஸ்டார்ட் செய்வதானால், ஸ்டீரிங்குக்கு அடியில் இருக்கும் ஸ்பார்க் கைப்பிடியை முதலில் முழுக்க மேலே தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழே அழுத்தாமல் மேலே இழுப்பதே முறை.

கேள்வி: பெட்ரோல் பங்கில் போடும் பெட்ரோலையே போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: போடலாம், ஓடும். ஆனால் இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறது. இந்த வண்டிகளின் பழைய கார்புரேட்டர்களில் மிதவை கார்க்கில் செய்தது, அதன்மேல் அரக்குப் பூச்சு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். கரைந்தால் மிதவை பெட்ரோலை உறிஞ்சி மூழ்கும், கார்புரேட்டர் வழிந்து ஒழுகும். எத்தனாலைத் தாங்கும் மிதவை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஓட்டாமல் நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிடுங்கள். டேங்க் எங்கே என்று தேட வேண்டாம், பெரும்பாலான ஆண்டுகளில் முன் இருக்கைக்கு அடியில்தான். ஓட்டுநர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் ஒழுகலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வாங்கும் வசதி எனக்கு இல்லை. ஆனால் இத்தகைய கார்களைப் பார்ப்பதில் பெரிய ஆசை. எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தோடு சேர்ந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு முழு நாள் ஒதுக்கிப் போங்கள்.

ஓடும் நிலையில் இருக்கும் டி மாடலைப் பார்த்தால் உரிமையாளரிடம் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வார்கள். எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது, மரப்பெட்டியில் இருக்கும், தீப்பொறி தரும் நான்கு காயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வண்டு போல ரீங்கரிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரம் தருவது அதன் சுழல்சக்கரத்தில் பூட்டிய 16 காந்தங்கள். 1915-க்குப் பிந்தைய, டைனமோ இல்லாத வண்டியானால் முன்விளக்கைப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் வேகம் கூடும்போது வெளிச்சம் கூடும், குறையும்போது மங்கும். அப்புறம் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே வில்பட்டைகள் (ஸ்பிரிங்), அதுவும் குறுக்காக. சாலையே இல்லாத ஊர்களில் ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் போக அதுதான் வழி செய்தது. 850 டாலருக்கு வந்த மாடலின் மலிவான வகையை 1925-இல் 260 டாலருக்குக் கொடுக்க முடிந்ததற்கும் இந்த எளிமை ஒரு காரணம். எனக்கு இந்த வண்டியில் மிகப் பிடித்த இடமும் அந்த அடிப்பாகம்தான்.

பித்தளையை மட்டும் கையால் தொடாதீர்கள். விரல் பட்ட இடம் கறுத்துவிடும், துடைத்து எடுக்க அவர்களுக்கு நேரம் பிடிக்கும்.

கேள்வி: வாங்கிப் பதிவு செய்து, திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டால் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார் புரோக்கர். நடக்குமா? ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வாடகைக் கணக்கை விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலானதும், அடிச்சட்டம் (சேஸிஸ்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாததுமான வண்டிக்கு அதில் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். இந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் கிடையாது, வணிகத்துக்கும் கிடையாது. புரோக்கர் சொல்வது இதற்கு நேர் எதிரானது. திருச்சி அம்மாவும் ஊர்வலத்துக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வாடகை நோக்கத்தில் வாங்கினால் இன்னொரு பாதிப்பும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வணிகத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குபவருக்கு மட்டும் விலக்கு. சொந்த ஆசைக்காக, பழைய கார் வியாபாரியிடமிருந்து வாங்கினாலோ, புதுப்பிக்கும் ஒர்க்‌ஷாப்பிடம் காசு கொடுத்து வேலை வாங்கினாலோ தாராளமாகப் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் தன் வீட்டுக் காரை விற்கும் ஒரு தனி மனிதர் வியாபாரி அல்ல. அவர் பொய் சொல்லி விற்றால் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் சிவில் நீதிமன்றம்தான் வழி.

அதனால் யாரிடம் வாங்கினாலும் விற்பனை ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: தயாரிப்பு ஆண்டு, எஞ்சின் எண், எந்தெந்தப் பாகம் அசல், எது புதிதாகச் செய்தது, பின் அச்சில் நடந்த வேலை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். அதைத் திருத்தி வாங்கிவருவது விற்பவரின் வேலை.